படுத்துக் காட்டச் சொன்னவர்

முதல் நாள் வந்ததும் மேஸ்திரி என்னைத் தரையில் படுக்கச் சொன்னார்.

நான் அவரிடம் நீட்டியது வரைபடம். மூன்று நகல் எடுத்து, மூன்றிலும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒரு நகலை வேலை நடக்கும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்ற விதிப்படி உறையில் போட்டு வைத்திருந்தேன். கட்டட அனுமதிப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். சரிவில் எத்தனை அடி விட வேண்டும், கூரை எவ்வளவு உயரலாம், எந்த இணைப்பு எந்தத் தாளுக்குப் பின்னால் போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் சொந்த வீட்டு விண்ணப்பத்தை, நான் வேலை பழக்கிய பிள்ளைகளே இரண்டு குறைகள் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டும் சரியான குறைகள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மேஸ்திரி அந்த வரைபடத்தை மடிப்புப் பிரிக்காமல் ஜன்னல் மேடையில் வைத்து, பறக்காமலிருக்க அதன்மேல் சுவருக்கு மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்தார். பிறகு, "ஐயா எந்தக் காம்பராவுல படுப்பீங்க?" என்று கேட்டார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் அறையைக் காம்பரா என்பார்கள். காட்டினேன். "அப்ப கொஞ்சம் படுங்க" என்றார்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன். ஏன் படுத்தேன் என்று எனக்கே புரியவில்லை. விதி எதுவும் இல்லாத விஷயத்தில் ஒருவர் தீர்மானமாக ஒன்றைச் சொன்னால் அதைச் செய்துவிடுவது அரசு ஊழியனின் சுபாவமாக இருக்கலாம். அவர் என் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, மங்கி குல்லாயை ஒரு காதுக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். "ஐயா செவத்தப் பாத்துப் படுக்குற ஆளு" என்றார்.

"முப்பது வருசமா அந்தச் செவுத்தத்தான் பாத்துட்டு இருக்கறாருங்க மேஸ்திரி" என்று சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தின பனிக்காலம் அது. ஊட்டியில் வீட்டு வேலைக்குப் பனிக்காலம் ஏற்றதா என்று கேட்டால், ஏற்றதில்லை. ஆனால் மற்ற மாதங்களில் மழை. கார்த்திகை மழை ஓய்ந்ததும், மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கல்லைப் பெயர்த்து வைத்துத் தொடங்கிவிட வேண்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். மார்கழியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது, தொடங்கியதைத் தொடரலாம். இதற்கு எந்த அரசாணையும் கிடையாது. இருந்தாலும் நான் ஆட்சேபிக்கவில்லை.

ஊட்டியின் காந்தல் பகுதியில் எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. அங்கே பனி வந்து உட்கார்ந்தால் காலை ஒன்பது மணிவரை எழுந்திருக்காது. முன்னால் ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை, பின்னால் தகரக் கூரை போட்ட விறகுக் கொட்டகை. வெளியில் இருந்த குளியலறையை மனைவியின் முழங்காலுக்காக உள்ளே கொண்டுவருவது, அறைகளின் சுவரிலுள்ள ஓதத்தைச் சரிசெய்வது, கொட்டகையை உயர்த்தி ஓர் அறையாக்குவது, இவ்வளவுதான் வேலை. கொட்டகை அறைக்கு வரைபடத்தில் 'பயன்பாடு' என்ற கட்டத்தில் 'பொருள் வைப்பறை' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

படுக்கச் சொல்வது மேஸ்திரியின் கிறுக்கு என்றுதான் ஊரில் பேச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும், அறையில் படுக்கப்போகிறவர் வந்து படுத்துக் காட்டாமல் அவர் வேலை தொடங்கமாட்டார். படுத்தவரைச் சுற்றிச் செங்கல் துண்டால் கோடு போடுவார். குளிர் எந்தப் பக்கத்திலிருந்து தலைக்கு வரும், கதவு திறந்தால் யார் காலில் இடிக்கும், ஜன்னல் எங்கே, சுவிட்சு எங்கே என்பதெல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் தீர்மானமாகும். வாஸ்து பார்க்கிறார் என்று சிலர் நினைத்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக் கேட்டேன். "வாஸ்து வீட்டுக்குங்க ஐயா. நா பாக்குறது ஆளுக்கு" என்றார்.

அவருடைய சித்தாள் அவருடைய மனைவிதான். கலவை சுமந்துகொண்டே அவரைக் கேலி செய்வதும் அந்த அம்மாவின் வேலையில் அடக்கம். "இந்த மனுசன் செத்து, பொதைக்கத் தூக்கிட்டுப் போனாலும் எந்திருச்சு உக்காந்து, குழி வெட்டுறவன்கிட்ட ஜன்னலு எந்தப் பக்கம்னு கேப்பாரு" என்று முதல் நாளே என் மனைவியிடம் சொன்னார். மேஸ்திரிக்குக் காதில் விழாததுபோல இருக்கும். விழாத காது எதுவோ அந்தக் காதுப் பக்கம் குல்லாய் இறங்கியிருக்கும்.

அவரை வேலைக்குச் சொன்னபோதே எச்சரித்தவர்கள் உண்டு. காய்கறி மண்டி வைத்திருந்த ஒருவர் மேல்மாடி எடுத்தபோது நடந்ததைச் சொன்னார்கள். குடும்பம் முழுவதையும் வரிசையாகப் படுக்கவைத்துக் கோடு போட்டுக்கொண்டே போயிருக்கிறார். கணவன், மனைவி, தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள். எல்லாரும் சிரித்துக்கொண்டே படுத்து எழுந்தார்கள். கடைசியில் மண்டிக்காரரின் அப்பா மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாராம். "பெரியவரு எங்கிட்டுங்க?" என்று மேஸ்திரி கேட்க, அப்பா கடையிலேயே படுத்துக்கொள்வார் என்று மகன் சொல்ல, மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வேறு மேஸ்திரி வந்துவிட்டார்.

உண்மையா என்று அவரிடமே கேட்டேன். "நா ஒண்ணுமே சொல்லலிங்க ஐயா. எங்க படுப்பாருன்னுதான் கேட்டேன்" என்றார். அதற்குப் பிறகு பெரியவர் எங்கே படுத்தார் என்று கேட்டதற்கு மட்டும், "அது அவங்க காம்பராங்க ஐயா" என்று நிறுத்திக்கொண்டார். ஊரில் பாதி வீடுகளில் யார் யாருக்கு முதுகு காட்டிப் படுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு வீட்டுச் செய்தியை இன்னொரு வீட்டில் அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் அவர் என் வீட்டுக்குள் நடமாடும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. தணிக்கைக்கு வந்த ஆளிடம் தோன்றும் சங்கடம்.

வேலை தொடங்கிய நாலாம் நாள் என் மகள் திருப்பூரிலிருந்து வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். பத்து நாள் லீவு என்றாள். இரண்டு பெரிய பெட்டிகள் கொண்டுவந்திருந்தாள். நான் நாட்களை எண்ணினேன், பெட்டிகளை எண்ணவில்லை.

வீடு அப்போது வீடாக இல்லை. இரண்டு அறைகளிலும் பூச்சு கொத்தியெடுத்துக் கிடந்ததால் மூன்று பேரும் கூடத்தில் வரிசையாகப் படுத்தோம். கதவோரம் நான், நடுவில் மனைவி, சுவரோரம் மகள். அடுப்பு குளியலறைக்கென்று கட்டிய இடத்தில் இருந்தது. உப்பு ஜாடி செருப்பு அலமாரியில் இருந்தது. சர்க்கரை எங்கே என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று இடம் சொன்னோம், மூன்றிலும் இல்லை. ஓய்வூதியர் நேர்காணலுக்கு வேண்டிய என் தாள்கள், அதாவது நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கான ஆதாரம், சிமெண்ட் மூட்டைகளுக்கு அடியில் எங்கோ இருந்தன. காலையில் வாளித் தண்ணீரில் பால்போல ஏடு கட்டியிருக்கும். அதை உடைத்து முகம் கழுவி, மூக்கில் தூசியோடு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எதையோ தேடிக்கொண்டே இருந்தோம். எதைத் தேடுகிறோம் என்பது நடுவில் மறந்துபோகும்.

ஒருநாள் என் கம்பளியைக் காணவில்லை. ராணுவக் கடையில் வாங்கிய கனமான கம்பளி. வீடெல்லாம் தேடிவிட்டுப் பின்னால் போனால், கொட்டகையில் முந்தின நாள் போட்ட சிமெண்ட் தரைமேல் விரித்திருந்தது. அதற்கு மேல் சாக்குகள். மேஸ்திரியிடம் கேட்டேன். "சிமெண்டுக்குக் குளிருதுங்க ஐயா. நீங்க ரெண்டு சுவெட்டர் போட்டிருக்கீங்க" என்றார். பனியில் ஈர சிமெண்ட் உறைந்தால் பொடிந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். அதற்குச் சாக்கும் வைக்கோலும் போதும் என்று விவரக்குறிப்பில் இருக்கிறது. கம்பளி பற்றி எதுவும் இல்லை. சொல்ல வாயெடுத்தபோது, தரை கெட்டியாகிவிட்டதா என்று அவர் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பளி இல்லாமலே திரும்பி வந்தேன்.

பத்து நாள் இருபது நாளாயிற்று. மகளிடம் லீவு பற்றிக் கேட்டால், நீட்டித்திருப்பதாகச் சொன்னாள். யார் நீட்டித்தார்கள் என்று கேட்கவில்லை. வீட்டில் ஒவ்வொன்றுக்கும் அவள் அனுமதி கேட்பதுதான் எனக்கு விநோதமாக இருந்தது. இந்த டம்ளரை எடுத்துக்கட்டுமா, கொஞ்ச நேரம் வெயிலில் உட்காரட்டுமா, இன்னொரு தோசை ஊற்றிக்கட்டுமா. அனுமதி கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. மனைவியிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். "உங்க பொண்ணுதானுங்க, நீங்களே கேளுங்க" என்றாள். எனக்கு எழுத்துமூலமாகவோ வாய்மொழியாகவோ யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை என்ற நிலையில் விஷயம் நின்றது.

கொட்டகை அறையில்தான் முதல் குழப்பம் வந்தது. அதற்கு ஒரு ஜன்னல் வேண்டும் என்று என் மனைவி மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறாள். பொருள் வைப்பறைக்கு எதற்கு ஜன்னல் என்று நான் சொன்னேன். பிறகு ஒருநாள், செல்போன் சார்ஜ் போட வசதியாகத் தாழ்வாக ஒரு பிளக் வேண்டும் என்றாளாம். வெங்காய மூட்டை யாருக்குப் போன் பேசப்போகிறது என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். மேஸ்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்தக் காம்பராவுல யாருங்க ஐயா படுக்குறது?"

"யாரும் படுக்கவில்லை. சாமான் வைக்கிற இடம்."

"சரிங்க" என்றார். அன்றிலிருந்து அந்த அறையைத் தொடவில்லை. கூரையைப் பிரித்ததோடும் தரையைப் போட்டதோடும் அது அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. மற்ற வேலைகள் எல்லாம் மளமளவென்று நடந்தன. குளியலறையில் என் மனைவியை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, எழச் சொல்லி, மறுபடி உட்காரவைத்து, கை எங்கே சுவரைத் தேடுகிறது என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு பிடி வைத்துக் கொடுத்தார். இன்றும் அவள் அதைப் பிடித்துத்தான் எழுகிறாள். கொட்டகை அறை எப்போது என்று நான் கேட்டால், "ஆளு சொல்லுங்கய்யா, ஆரம்பிச்சிருவம்" என்பார். நான் வரைபடத்தைக் காட்டுவேன். அவர் ரசமட்டத்தைக் காட்டுவார்.

ஒரு மத்தியான நேரம் மேஸ்திரியின் மனைவி என் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னார். நான் பக்கத்தில் மூட்டைகளுக்கு நடுவே நேர்காணல் தாள்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இலங்கையில் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், ஒரே காம்பராவில் ஒன்பது பேர் படுத்தார்களாம். ஒவ்வொருவருக்கும் ஒரு இடம். மூத்த அக்காவைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் அவள் ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். போ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் இடத்தில் தம்பிகள் உருண்டு படுத்துப் பழகிவிட்டிருந்தார்கள். அதில் ஒருவர் இந்த மேஸ்திரி. எல்லாரும் படுத்து முடிகிற வரைக்கும் அவள் காத்திருந்து பார்ப்பாளாம். நடுவில் இடைவெளி விழாது. வெளியில் இஸ்தோப்பில், அதாவது வாசல் நடையில், சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வாள். ஐந்தாம் நாள் அவளாகவே திரும்பிப் போய்விட்டாள்.

"அப்பறம்?" என்று என் மனைவி கேட்டாள்.

"அப்பறம் இவங்கல்லாம் கப்பலேறி வந்துட்டாங்க. அக்கா வரல."

குடியுரிமைத் தாள் ஏதோ சரியாக இல்லாமல் போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த விஷயங்கள் எனக்குப் புரியும். என் மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்றுதான் புரியவில்லை.

தை பிறந்ததும் நான் ஒரு நடவடிக்கை எடுத்தேன். மாப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகும் என்று சொன்னேன். எல்லாம் என்றால் எது என்று எனக்குத் தெரியாது. ஒரு தகராறு வந்தால் இரு தரப்பையும் கூப்பிட்டுக் கேட்பதுதான் முறை. அவர் பனியன் கம்பெனி ஒன்றில் மேலாளர், தன்மையாகப் பேசுகிறவர். "ஞாயித்துக்கெழமை வந்து கூட்டிட்டுப் போயிடறனுங்க மாமா. ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்றார். மகளிடம் சொன்னேன். "சரிங்கப்பா" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மனைவியிடம் சொன்னபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஏனுங்க, நீங்க கூப்புட்ட ஆளு. வந்தா நீங்களே பேசுங்க."

சனிக்கிழமை பதினோரு மணிவாக்கில், நாளைக்கு மாப்பிள்ளை வரும்போது வீடு கொஞ்சம் பார்க்கும்படி இருக்க வேண்டுமே என்று, கொட்டகை அறையில் அலமாரித் தட்டுகளாவது அடிக்கச் சொல்லலாம் என்ற எண்ணத்தோடு வரைபட உறையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சுத்தியல் சத்தம் எதுவும் இல்லை. வேலையாட்கள் இரண்டு பேர் வெளியே வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அறை வாசலில் மேஸ்திரியின் மனைவி காலை நீட்டி வழியை அடைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, பிறகு என் காலைக் காட்டினார். செருப்பைக் கழற்றினேன்.

கூரையில்லாத அறையில் வெயில் நேராகத் தரையில் விழுந்திருந்தது. என் மகள் அந்த வெயிலில் வெறும் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிச் செங்கல் கோடு. முழங்கால்களை மடக்கி, ஒரு கை கன்னத்துக்கு அடியில், வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆட்களுக்குத் தேநீர் கொண்டுவந்த தட்டு ஓரமாக இருந்தது. மேஸ்திரி குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரோரம் கவிழ்த்துப் போட்ட கலவைச் சட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவர் தலை வழுக்கை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எவ்வளவு நேரமாக என்று சைகையால் கேட்டேன். எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"படு பாப்பான்னேன். கோடு போட்டு முடிக்கிறதுக்குள்ள தூங்கிருச்சுங்க. ஒரு மணி நேரம் இருக்கும்."

"ராத்திரி தூங்குகிற பெண் பகலில் எதற்கு இப்படி..." என்று தொடங்கினேன்.

"தூங்குறதில்லைங்க ஐயா" என்றார். "காலையில ஏழு மணிக்கு நாங்க வர்றப்ப, செவத்துல சாஞ்சு உக்காந்துதான் இருக்கும். வந்த நாள்லேர்ந்து அப்பிடித்தான்."

அவளுக்கும் எனக்கும் நடுவில் என் மனைவி ஒருத்திதான் படுக்கிறாள். இரண்டு கை நீளம் இருக்கும். ஏழு மணிக்கு வரும் மேஸ்திரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் சுவரைப் பார்த்துப் படுக்கிறவன் என்பதைத் தவிர வேறு விளக்கம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கூடத்தில் எனக்குச் சுவரும் கிடையாது, கதவுதான்.

அவள் எழ இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை யாரும் வேலை செய்யவில்லை. நான் வரைபட உறையை மடியில் வைத்துக்கொண்டு செருப்பில்லாமல் வெளியே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையை வர வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். என்ன காரணம் சொல்வது? மகள் பகலில் தூங்கினாள் என்றா? ஒரு கோரிக்கையும் இல்லாமல், ஒரு புகாரும் இல்லாமல் எந்த முடிவும் எடுத்து எனக்குப் பழக்கமில்லை. அன்று மாலை மூன்று முறை போனை எடுத்து மூன்று முறையும் வைத்தேன்.

அன்று அவளை ஏன் படுக்கச் சொன்னீர்கள் என்று மேஸ்திரியை இப்போது கேட்கலாமென்றால் ஆள் ஊரில் இல்லை. அடுத்த வருஷமே கூடலூர்ப் பக்கம் ஸ்ரீமதுரையில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார்கள் என்று கேள்வி. அவர் கொடுத்திருந்த எண்ணுக்குப் போட்டால் யாரோ மலையாளத்தில் பேசுகிறார்கள். போகுமுன் காந்தலில் அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். ஒரே அறை. சுவரில் எங்கு பார்த்தாலும் ஓதம். ஒரு ஜன்னலும் சரியான இடத்தில் இல்லை. இதை ஏன் இப்படி விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "வாடகை வீடுங்க ஐயா, நாம எப்பிடி ஒடைக்கிறது" என்றார். அவர் மனைவி, "நாங்க ரெண்டு பேரும் எங்கிட்டு வேணா உருளுவம்" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரிக்கு விடுமுறை. ஆனாலும் பூச்சுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று வந்துவிட்டார். பத்தரை மணிக்கு மாப்பிள்ளையின் கார் மேலே ரோட்டில் நின்றது. இனிப்புப் பெட்டியோடு இறங்கி வந்தார். கூடத்தில் பாய்களைச் சுருட்டி ஓரம் வைத்து இரண்டு நாற்காலி போட்டிருந்தோம். மகள் சமையலறைக் கதவோரம் நின்றாள். பெட்டிகள் இரண்டும் மூடி, வாசலருகே இருந்தன. அவளே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

இரு தரப்பும் பேசட்டும் என்று நான் காத்திருந்தேன். ஒரு தரப்புதான் பேசியது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை, குரலை உயர்த்தவில்லை. பத்து நாள் என்று வந்தவள் ஒரு மாதமாக இருக்கிறாள், அம்மா கேட்கிறார்கள், அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள், மேட்டுப்பாளையம் ரோட்டில் கூட்டம் சேர்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் என்னைப் பார்த்துத்தான். அவள் நிற்கும் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்களே சொல்லுங்க மாமா. இங்க அவளுக்குப் படுக்கக்கூட எடமில்லை. மூணு பேரும் ஹால்ல படுத்துட்டு இருக்கறீங்க. எதுக்குங்க இந்தச் சிரமமெல்லாம்?"

நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வாசலருகே போய், குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

அப்போது பின்கதவில் மேஸ்திரி வந்து நின்றார். கையெல்லாம் ஈரம். மாப்பிள்ளை இருப்பதைப் பார்த்துக் குல்லாயைச் சரிசெய்துகொண்டு, அவரைப் பொருட்படுத்தாமல் என்னிடம் கேட்டார்.

"ஐயா, பின்னாடி காம்பராவுக்கு ஜன்னலு எந்தப் பக்கம் ஒடைக்கட்டும்? சொல்லிட்டீங்கன்னா இன்னைக்கே ஆரம்பிச்சிருவேன்."

அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. திருத்திய வரைபடம் கொடுக்காமல் சுவரை உடைப்பது விதிமீறல். எந்தப் பிரிவின் கீழ் என்பதுகூட என் நாக்கு நுனியில் இருந்தது. நாலு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணு," என்றேன் மகளிடம், "நீ எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பே?"

மாப்பிள்ளை முதலில் சிரித்தார். பிறகு, "ஏனுங்க மாமா, என்ன கேக்கறீங்க?" என்றார். மகள் குனிந்தபடியே தலையை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் என்ன இருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. என்ன நடந்தது, எதற்காக வந்தாள் என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றுவரை அவள் சொல்லவும் இல்லை. கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"தெக்கங்கப்பா" என்றாள். பிறகு மேஸ்திரியிடம், "மேக்க வேண்டாங்க மேஸ்திரி, அங்கதான் காத்து அடிக்கும். கெழக்க ஒடைங்க. நான் தெக்க தலை வெச்சுப் படுத்துக்கறேன்."

"சரி பாப்பா. வந்து ஒயரத்தக் காட்டு" என்றார் மேஸ்திரி.

அவள் அவர் பின்னால் போனாள். மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்து, என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். முதல் நாலைந்து வார்த்தைகள் கேட்டன. அதற்குள் பின்னால் சம்மட்டி விழுந்தது. பழைய கருங்கல் சுவர். ஒவ்வோர் அடிக்கும் கூடத்திலிருந்த டம்ளர்கள் நடுங்கின, விட்டத்திலிருந்து தூசி இறங்கியது. மாப்பிள்ளை நிறுத்தி, காத்திருந்து, மறுபடி சொன்னார். மறுபடி அடி விழுந்தது. என் மனைவி வாசலருகே போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். முழங்கால் வலியோடு அவ்வளவு பாரத்தை அவள் எப்படித் தூக்கினாள் என்று தெரியவில்லை. எழுந்து போய் இன்னொரு பெட்டியை நான் எடுத்தேன். மாப்பிள்ளை எழுந்து என் அருகில் வந்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, இன்னொரு முறை சொன்னார். உதடு அசைவது தெரிந்தது.

"கேக்கலைங்க மாப்பிள்ளை" என்றேன்.